டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டியும் நானும்

அப்பா ஸ்ப்ளெண்டர் வைத்திருந்த காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஸ்டாண்டைப் பற்றிப் பேசியதே இல்லை. பேச என்ன இருக்கிறது? இடது கையில் ஹேண்டில்பார், வலது கையில் சீட்டுக்குக் கீழே ஒரு பிடி, வலது காலால் ஸ்டாண்டில் ஒரு மிதி, வண்டி பின்னால் ஏறி உட்கார்ந்துவிடும். புத்தகத்தில் சென்டர் ஸ்டாண்ட் என்று போட்டிருப்பார்கள், எங்கள் பக்கம் அது டபுள் ஸ்டாண்ட். ஞாயிற்றுக்கிழமை கழுவுவது, பஞ்சர் பார்ப்பது, பிளக் கழற்றித் துடைப்பது எல்லாம் அதில் நிறுத்தித்தான். செயினைப் பற்றிக் கவலையே கிடையாது, ஏனென்றால் அது முழுக்கத் தகரக் கவருக்குள் இருந்தது. மண்ணும் ஏறாது, தண்ணீரும் அடிக்காது. கவரில் இருக்கிற சின்ன ரப்பர் மூடியைத் திறந்து விரலால் செயினை ஆட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார் அப்பா.

நான் வாங்கிய 200 சிசி வண்டியில் செயின் கவரும் இல்லை, டபுள் ஸ்டாண்டும் இல்லை. ஷோரூமில் கேட்டபோது "இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் வராது சார்" என்றார் அந்தப் பையன், ஏதோ நான் டிராக்டருக்கு சைடு கேரியர் கேட்டதைப் போல. உண்மையிலேயே காரணம் இருக்கிறது. ஸ்டாண்ட் மட்டுமே சில கிலோ எடை. வளைவில் வண்டியைச் சாய்த்தால் தரையில் முதலில் உரசக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. அதோடு இப்போதைய வண்டிகள் பலவற்றில் சைலன்சரின் பெட்டி எஞ்சினுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஸ்டாண்டை மடக்கி வைக்க இடமே கிடையாது. எல்லாம் சரி. ஆனால் மேனுவலில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்து லூப், அதாவது செயினுக்கான வழவழப்பு எண்ணெய், போடு என்று எழுதியவர், பின் சக்கரத்தை எப்படித் தூக்குவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

முதல் ஒரு வருடம் ஸ்டாண்ட் இல்லாமலே ஓட்டினேன். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, தெரிகிற அளவுக்கு லூப் அடித்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி, மறுபடி அடித்து, மறுபடி தள்ளுவது. என் வண்டியில் செயின் ஒரு முழுச் சுற்று வர வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் போக வேண்டும், எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் 5 மீட்டர் காலியாக இருப்பது தீபாவளி லீவில் மட்டும்தான். இரண்டாவது வழி மனைவியைக் கூப்பிடுவது. நான் வண்டியை சைடு ஸ்டாண்ட் பக்கம் இழுத்துச் சாய்த்தால் பின் சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் அளவு எழும்பும், அவள் உட்கார்ந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டே லூப் அடிக்க வேண்டும். "இன்னும் எத்தனை சுத்துங்க?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பாள். பின்பக்க எடை முழுவதும் அந்த ஒற்றைக் கம்பியில் நிற்கும். இப்படியே செய்து செய்து சைடு ஸ்டாண்டின் பிவட் போல்ட் தளர்ந்து, வண்டி வழக்கத்தை விட அதிகமாகச் சாய்ந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற தனி ஸ்டாண்டான பேடாக் ஸ்டாண்ட் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்கும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம். விலை, அப்புறம் எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்த எண். இரண்டாவதைப் பார்த்தது வெட்டி வேலை. பின் ஸ்டாண்ட் முழு வண்டியைத் தூக்குவதே இல்லை. 155 கிலோ வண்டியில் பின் சக்கரத்தில் இறங்குவது கிட்டத்தட்டப் பாதி. அதுவும் நெம்புகோல் கணக்கில் கைப்பிடிக்கு வரும்போது, வேலை தெரிந்தால் ஒரு கையால் அமுக்கக்கூடிய எடைதான். பார்த்திருக்க வேண்டியது ஸ்டாண்ட் வண்டியை எந்த இடத்தில், எதைக் கொண்டு பிடிக்கிறது என்பதை.

பிடிப்பதில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்விங் ஆர்முக்கு, அதாவது பின் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கிற கைக்கு, அடியில் ரப்பர் ஒட்டிய பட்டையான கால் போய் நிற்கும், எல் வடிவில் இருக்கும். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பார்கள், பொருந்தவும் செய்யும். அங்கே ஸ்விங் ஆர்ம் சும்மா அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கவாட்டில் நகராமல் தடுப்பது அந்த எல்லின் நிமிர்ந்த முனை மட்டும்தான். இன்னொன்றில் ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கமும் ஸ்பூல் என்று ஒரு உருளையைப் போல்ட் போட்டு மாட்டி, ஸ்டாண்டில் இருக்கிற வி வடிவக் கொக்கி அதைக் கவ்விக்கொள்ளும். ஸ்பூலுக்கு பாபின் என்றும் பெயர் உண்டு. எங்கள் கோயம்புத்தூரில் பாபின் என்றால் விளக்கவே வேண்டாம், மில்லில் நூல் சுற்றுவார்களே, நடுவில் ஒல்லியாக, இரண்டு ஓரமும் தடித்து, அதே வடிவம்தான். ஓரம் தடித்திருப்பதால் கொக்கி நழுவாது.

நான் வாங்கியது எல். விலை குறைவு, ஸ்பூல் தேட வேண்டாம், ஆர்டர் போட்ட மூன்றாம் நாள் வந்துவிட்டது.

நான்காவதோ ஐந்தாவதோ முறை. காலை ஆறரை மணி, பார்க்கிங் டைல்ஸ் தரை கழுவிவிட்டதில் இன்னும் ஈரம். சைடு ஸ்டாண்ட் இடிக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அதை மடக்கிவிட்டு, வண்டியை நேராக நிறுத்தி, இடது கையால் பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஸ்டாண்டை அமுக்கினேன். வலது பக்கக் கால் ஸ்விங் ஆர்முக்கு அடியில் சரியாகப் போயிருந்தது. இடது பக்கம் ஒரு விரல் அளவு வெளியே இருந்தது, குனிந்து பார்க்கவில்லை. பாதி ஏறும்போது ஸ்டாண்டின் நைலான் சக்கரம் ஈர டைல்ஸில் ஒரு இழுப்பு இழுத்தது, வலது பக்கம் தூக்கி இடது பக்கம் தொங்கியது, நான் பயந்து இடது பக்கமாக இழுப்பதாக நினைத்து வலது பக்கம் தள்ளினேன். வலது பக்கம் பிடிக்க ஒன்றும் கிடையாது. மாடி வீட்டு அக்காவின் ஸ்கூட்டர் மட்டும் இருந்தது.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். "கால்ல படலயே தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார், அந்த மனிதருக்கு அதற்காகவே ஒரு டீ கடன். பிரேக் லீவர் மேல்நோக்கி வளைந்து, இண்டிகேட்டர் ஒன்று போய், ஸ்கூட்டரின் பக்கவாட்டு பேனலில் நீளமாக ஒரு வெடிப்பு. அக்கா திட்டவில்லை, பரவாயில்லைங்க என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிங்காநல்லூர் பக்கம் நான் வண்டி விடுகிற ஷெட்டில் இதைச் சொன்னபோது மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. லீவரைக் கழற்றிக்கொண்டே, "சைடு ஸ்டாண்டை எதுக்குங் தம்பி மடக்குனீங்க?" என்று மட்டும் கேட்டார். பதில் என்னிடம் இல்லை. அதன் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன், இந்த ஸ்டாண்டை வீடியோவில் பார்த்தபோதெல்லாம், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்க்கப் போனபோதும் சரி, எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். ரேஸ் வண்டிக்கு சைடு ஸ்டாண்டே கிடையாது, கழற்றிவிடுவார்கள். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பார் அல்லது ரைடரே மேலே உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் பின்னால் ஸ்டாண்டைப் போடுவார். பேடாக் என்கிற பெயரே அந்த இடத்தின் பெயர்தான், ரேஸ் டிராக்கில் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கிற முற்றம். இரண்டு பேர் வேலைக்குச் செய்த பொருளை நான் ஒற்றை ஆளாக, ஞாயிற்றுக்கிழமை தூக்கக் கலக்கத்தில் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஆகவே இப்போது யாராவது எந்த ஸ்டாண்ட் வாங்கலாம் என்று கேட்டால் நான் வண்டி மாடலைக் கேட்பதில்லை. தனியாகவா செய்யப்போகிறீர்கள், தரை என்ன தரை, இந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.

தனியாக என்றால் ஸ்பூல்தான், பேச்சே கிடையாது. கொக்கி இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டதா என்று தூக்குவதற்கு முன்பே தெரிந்துவிடும், ஸ்டாண்டைக் கையை விட்டாலும் அது அங்கேயே தொங்கி நிற்கும். என் வண்டியில் ஸ்பூல் மாட்ட மரை இல்லை என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்விங் ஆர்மில் ஒரு ரப்பர் மூடி, அதன் மேல் செயின் கிரீஸும் மண்ணும் சேர்ந்து ஒரு அடை. ஷெட்டில் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் மூடி தெறித்து விழுந்தது, உள்ளே பளபளவென்று புது மரை! அளவு மட்டும் கவனம். பொதுவாக யமஹாக்களில் 6 எம்எம், ஹோண்டா சுசுகிகளில் 8, கேடிஎம் போன்றவற்றில் 10 என்று சொல்வார்கள், ஆனால் மாடலுக்கு மாடல் மாறும், நம் வண்டியிலேயே ஒரு போல்ட்டைக் கையால் திருகிப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் சரி. நான் அவசரத்தில் 8 வாங்கிவிட்டேன், 10 எம்எம் ஓட்டைக்குள் அது அண்டா மூடியைக் குண்டானுக்குப் போட்ட கதையாக ஆடியது. மரையே இல்லாத வண்டி என்றால் எல்தான் வழி, டிரில் போட்டு ஓட்டை போடுகிற யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து வேண்டாம், பின் சக்கரம் முழுவதும் அந்தக் கையில்தான் நிற்கிறது.

ஸ்டாண்டிலேயே பார்க்க வேண்டியவை: பைப் மெல்லியதாக இருந்தால் எடை ஏறியதும் இரண்டு காலும் வெளிப்பக்கம் விரியும், கடையில் வைத்து விரித்துப் பார்த்தாலே தெரியும். வெல்டிங் எல்லாப் பக்கமும் சுற்றி வந்திருக்கிறதா, இல்லை இரண்டு பொட்டு வைத்து விட்டிருக்கிறார்களா என்று திருப்பிப் பாருங்கள். அகலத்தை மாற்றும் வசதி இருக்க வேண்டும். சக்கரம் டைல்ஸில் வழுக்கும், பேவர் பிளாக்கில் இடுக்கில் மாட்டும். சொரசொரப்பான சிமெண்டுத் தரை உள்ளவர்கள் புண்ணியம் செய்தவர்கள். எனக்கு டைல்ஸ்தான் என்பதால் பழைய ரப்பர் கார் மேட் ஒன்றை ஸ்டாண்டின் சக்கரத்துக்கு அடியில் போடுகிறேன், வழுக்கல் நின்றுவிட்டது.

முறை இப்போது இப்படி. வண்டி சைடு ஸ்டாண்டில், நியூட்ரலில். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு அங்குலப் பலகைத் துண்டு. இதனால் வண்டி சாய்வு குறைந்து கிட்டத்தட்ட நேராக நிற்கும், ஒற்றைக் கையால் நிமிர்த்த முடியும். சைடு ஸ்டாண்ட் கடைசி வரை விரித்தபடியே இருக்கும். இடது பக்கக் கொக்கியை முதலில் ஸ்பூலில் வைத்து, வண்டியை மெல்ல நிமிர்த்தி, வலது கொக்கியும் உட்கார்ந்ததை எட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைக் காலால் அமுக்குகிறேன், கையால் அல்ல. ஏறும்போது வண்டி பின்பக்கம் கொஞ்சம் நகரும், சுவரை ஒட்டி நிறுத்தினால் நகர இடமிருக்காது. ஏறியதும் முன் பிரேக் லீவரை ஒரு பழைய டியூப் ரப்பரால் கட்டிவிட வேண்டும்.

இறக்கும்போதுதான் எல்லோரும் அசட்டையாக இருக்கிறோம், வேலை முடிந்துவிட்டது, கை கழுவ வேண்டும் என்ற நினைப்பு. ஏறும்போது பின்னால் வந்த வண்டி இறங்கும்போது முன்னால் போகும். சைடு ஸ்டாண்ட் மடங்குவது எப்போது? வண்டி முன்னால் உருளும்போது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதனால் முன் பிரேக் ரப்பரை அவிழ்க்காமல், முதல் கியரும் போட்டுவிட்டு, பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெல்ல விட வேண்டும். கையை எடுத்துவிட்டால் ஸ்டாண்டின் கைப்பிடி மேலே தெறித்து வரும், நான் ஒருமுறை தாடையில் வாங்கினேன்.

இதெல்லாம் செயின் லூப் போட மட்டும்தான், அதற்கே இவ்வளவா என்றால், ஆமாம், வீட்டில் நாம் செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசி செயின்தான். ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாள் எனக்குப் புரியாமலே இருந்தது. செயின் தளர்வு அளக்க சில மேனுவல்களில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அள என்று போட்டிருக்கிறது, சிலவற்றில் வேறு மாதிரி. ஏன் என்றால் பின் சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிற அளவுக்கேற்பத் தளர்வு மாறும். பேடாக் ஸ்டாண்ட் ஸ்விங் ஆர்மைப் பிடித்துத் தூக்குவதால் வண்டியின் எடை இன்னும் ஷாக் அப்சார்பரில்தான் இருக்கிறது. டபுள் ஸ்டாண்டிலோ எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைத்தோ தூக்கினால் சக்கரம் காற்றில் தொங்கும், ஷாக் முழுக்க நீண்டுவிடும், அதே செயின் வேறு அளவு காட்டும். நண்பன் ஒருவன் ஜாக்கியில் தூக்கி வைத்து மேனுவல் சொன்ன 25 எம்எம் என்று அளந்து இறுக்கினான், மேனுவலோ சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொல்லியிருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்ததும் செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்துவிட்டது. ஆயில் அளவும் அப்படித்தான். பின்பக்கம் மட்டும் தூக்கிய வண்டி மூக்கைக் குனிந்து நிற்கிறது, அந்த நிலையில் கண்ணாடி வட்டத்தைப் பார்த்து ஆயில் குறைவு என்று ஊற்றிவிடக் கூடாது.

ஷாக்கையே கழற்ற வேண்டும் என்றால் அதே காரணத்துக்காகப் பேடாக் ஸ்டாண்ட் உதவாது. அப்போது ஜாக்கி. எஞ்சினைச் சுற்றி அடியில் பைப் ஓடுகிற ஃப்ரேம் உள்ள வண்டிக்கு சிசர் ஜாக்கி அருமையான பொருள், பைப் இரண்டும் ஜாக்கியின் தட்டில் அழகாக உட்காரும். அடியில் ஃப்ரேம் இல்லாமல் எஞ்சின் தொங்குகிற வண்டி, அல்லது என்னுடையதைப் போல சைலன்சர் பெட்டி அடியில் இருக்கிற வண்டி என்றால் ஜாக்கியை வைக்க இடமில்லை, வைத்தால் தகரம்தான் நசுங்கும்.

முன்பக்க ஸ்டாண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்க்குக்கு அடியில் பிடிப்பது சக்கரம், பிரேக் பேட் வேலைக்குப் போதும். ஃபோர்க் ஆயில் சீலோ, ஹேண்டில்பார் திரும்ப உதவுகிற பேரிங்கான கோன் செட்டோ மாற்ற நினைத்தால் ஃபோர்க்கே கழன்றுவிடும் என்பதால், ஹேண்டில்பாருக்குக் கீழே நடுத்தண்டில் பின் செருகித் தூக்குகிற வகைதான் வேண்டும். அந்த வேலையை நான் ஷெட்டில் விட்டுவிடுகிறேன். எதுவானாலும் பின்பக்கம் தூக்கிய பிறகுதான் முன்பக்கம், இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

மேசை மாதிரி வண்டியையே ஏற்றி இடுப்பு உயரத்துக்குத் தூக்குகிற ஹைட்ராலிக் லிஃப்ட்டும் இருக்கிறது. நண்பர் ஒருவர் வாங்கினார், அவரிடம் நாலு வண்டி, கார் போர்டிகோ, போதாததற்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. அவருக்கு அது சொகுசு இல்லை, அது இல்லாவிட்டால் அவரால் வேலையே பார்க்க முடியாது. ஒரு வண்டி வைத்துக்கொண்டு அதை வாங்குவதைவிட போல்ட்டை அளவாக இறுக்க நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்றும் உட்கார ஒரு முக்காலியும் வாங்கலாம் என்பது என் கட்சி. என்றாலும் நாற்பது தாண்டிய முட்டி தரையிலிருந்து எழுந்திருக்கும்போது போடுகிற சத்தத்தைக் கேட்டால் கட்சி மாறிவிடுவேனோ என்று தோன்றுகிறது.

பயணத்துக்கு நான் கொண்டுபோவது இது எதுவுமில்லை. ஒன்றரை அடி அலுமினியக் குழாய், மேலே ஒரு கவை, நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். வண்டியை சைடு ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் சாய்த்து, வலது பக்க ஸ்விங் ஆர்முக்கு அடியில் இதை முட்டுக் கொடுத்தால் முன் சக்கரம், சைடு ஸ்டாண்ட், இந்தக் குழாய் மூன்றும் முக்காலி மாதிரி நின்று பின் சக்கரம் சுற்ற இடம் கிடைக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை மழையில் ஏறிப் போய், டீ எஸ்டேட் செம்மண்ணை செயின் முழுக்க அப்பிக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்ற இரவில் இந்தக் குழாய்க்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது. மண் தரையிலும் சரிவிலும் மட்டும் நம்பக் கூடாது.

ஸ்டாண்ட் வந்த பிறகு வருகிற சபலம் ஒன்று உண்டு. சக்கரம் காற்றில் நிற்கிறது, எஞ்சினை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டால் செயின் தானாகச் சுற்றும், துணியைப் பிடித்துக்கொண்டால் போதும், இரண்டே நிமிடத்தில் சுத்தம். வீடியோக்களில் நிறையப் பேர் செய்கிறார்கள். நானும் ஷெட்டில் அண்ணனிடம், அப்படிச் செய்யலாமே, சீக்கிரம் முடியுமே என்றேன். அவர் செயினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டினார். பத்து வருடமாக அவரிடம் வண்டி விடுகிறேன், அந்தக் கை எப்போதும் கிரீஸில் கறுத்தே இருக்கும், அன்றைக்குத்தான் கவனித்தேன். ஆட்காட்டி விரலின் நுனி, நகத்தோடு சேர்த்து, இல்லை. "துணி போச்சுங் தம்பி, துணி பின்னாலயே வெரலும் போச்சு" என்றார். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதாம். மறுபடி துணியை எடுத்து, சாவி கழற்றப்பட்ட வண்டியில், வலது கையால் சக்கரத்தை உருட்டி உருட்டித் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு இப்போது கால் மணி நேரம் ஆகிறது. சாவி சட்டைப் பையில் இருக்கும். மாடி வீட்டு அக்கா பால்கனியிலிருந்து பார்ப்பார், நான் சிவப்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினால் அவர் பையன் ஒன்றும் சொல்லாமல் வந்து ஸ்கூட்டரை நாலு அடி தள்ளி நிறுத்திவிட்டுப் போவான்.